பெயரும் இசைவும்: ஓவிய உரிமை வளர்ந்த வரலாறு

ஒரு நூலுக்கு உரியவர் யார் என்று வினவினால் நம் மாணவர் தயங்காது விடை கூறுவர். ஆயின், பள்ளி ஆண்டு மலரின் அட்டையை அணிசெய்யும் படத்திற்கு உரியவர் யார் என்று வினவினால், ஆசிரியர்களாகிய நாமும் சற்றே தயங்குவோம். இணையத்தில் கண்ட படத்தை எடுத்தாண்டு, அதன் கீழ் ‘நன்றி’ என்று ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. படைத்தவரின் பெயரைக் கூறுதல் ஒன்று. அவரிடம் இசைவு பெறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறுவேறு என்பது சட்டமாக மலர்வதற்கு மேலை நாடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

டூரரின் முத்திரை

செருமனியின் நூரம்பர்க் நகரில் 1471ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆல்பிரெக்ட் டூரர். மரக்கட்டையில் படம் செதுக்கி, மையிட்டு, தாளில் அச்சிடும் கலையில் அவர் ஈடிணையற்று விளங்கினார். தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ஒன்றினுள் ஒன்றாக அமைத்து, அதனையே தம் முத்திரையாகப் பொறித்து வந்தார். அம்முத்திரையைக் கண்டே மக்கள் படங்களை வாங்கினர். புகழ் பெருகியபோது போலிகளும் பெருகின.

இத்தாலியக் கலைஞரான மார்க்கன்டோனியோ ரைமோண்டி, டூரரின் ‘கன்னி மரியாளின் வாழ்க்கை’ என்னும் படவரிசையைச் செப்புத் தகட்டில் அப்படியே படியெடுத்தார், முத்திரையையும் விட்டுவைக்கவில்லை. டூரர் வெனிசு நகர ஆட்சியாளரிடம் முறையிட்டார் என்றும், இனி அம்முத்திரையைப் பொறிக்கலாகாது என்னும் தீர்ப்பு மட்டுமே அவருக்குக் கிடைத்தது என்றும் வசாரி 1568ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதியுள்ளார். 1512ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரமன்றமும் இதே வழியில்தான் சென்றது. டூரரின் முத்திரையுடன் போலிப் படம் விற்ற வெளியூரார் ஒருவரை, முத்திரையை நீக்கிவிடுமாறும், மறுத்தால் படங்கள் பறிமுதலாகும் என்றும் அம்மன்றம் ஆணையிட்டது.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் காக்கப்பட்டது பெயரே, படமன்று. முத்திரையை நீக்கிவிட்டால் படத்தைப் படியெடுக்கத் தடையில்லை. பேரரசர் மாக்சிமிலியனிடம் டூரர் பெற்ற தனியுரிமை 1511ஆம் ஆண்டு வெளியீட்டில் எச்சரிக்கையாக அச்சிடப்பட்டது. ஆயினும், அது ஒருவருக்கு அரசர் காட்டிய சலுகையே. கலைஞர் அனைவர்க்கும் பொதுவான சட்டமன்று.

ஓகார்த்தின் போராட்டம்

இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டம் நூலாசிரியர்க்கு உரிமை வழங்கியது. ஓவியரை அது கருதவில்லை. இக்குறையைப் போக்க முனைந்தவர் வில்லியம் ஓகார்த். நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்து சீரழிந்த ஒரு பெண்ணின் கதையை அவர் ஆறு படங்களாகச் செதுக்கி 1732ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தி அவற்றைப் பெற்றனர். போலிப் பதிப்புகளும் உடனே கடைகளில் குவிந்தன. உழைத்தவர் ஒருவர், ஊதியம் பெற்றவர் வேறொருவர்!

ஓகார்த் மனம் தளரவில்லை. பிற செதுக்கோவியர் சிலரையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அளித்தார். அதன் பயனாகப் பிறந்த சட்டம் 1735ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அடுத்த படவரிசையை அந்நாள்வரை வெளியிடாமலே காத்திருந்தார் அவர்.

படம் வெளியான நாள்முதல் பதினான்கு ஆண்டுகள் அச்சட்டம் காவல் அளித்தது. உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட நாளையும் ஒவ்வொரு படத்திலும் பொறிக்க வேண்டும் என்றது. இசைவின்றிப் படியெடுத்தால் படியொன்றுக்கு ஐந்து ஷில்லிங் தண்டமும் விதித்தது. டூரருக்குப் பெயர் மட்டுமே கிடைத்தது. ஓகார்த்துக்கோ படமே கிடைத்தது. இசைவு பெறாமல் படியெடுத்தலே குற்றம் என்னும் கொள்கை அன்றுதான் செதுக்கோவியர்க்குச் சட்டமாயிற்று. ஓகார்த் மறைந்தபின், 1767ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுக்கால உரிமை அவர்தம் துணைவியார்க்கு வழங்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

நம் மண்ணில்

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டுச் சட்டம் வண்ண ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் இவ்வேலிக்குள் கொண்டுவந்தது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை நாடுகளை இணைத்தது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே, 1987இல் புதுச்சட்டம் வரும்வரை சிங்கப்பூரில் நடப்பிலிருந்தது. மலேசியாவும் 1987ஆம் ஆண்டிலேயே இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றி, 1990இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. சிங்கப்பூர் 1998இல் சேர்ந்தது.

அண்டை நாடுகளாயினும் இரண்டின் சட்டமும் ஒன்றன்று. ஒருவரிடம் பணம் கொடுத்து வரையச் செய்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மலேசியாவில் பணி கொடுத்தவரைச் சேரும். சிங்கப்பூரிலோ, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணி ஏற்றுப் படைத்த ஒளிப்படமும் உருவப்படமும்கூட, மாற்று உடன்பாடு இல்லையேல், படைத்தவர்க்கே உரியவை. ஆகவே, மலருக்கு அட்டை வரையச் சொல்லும்போதே உரிமை யாருக்கு, எத்தனை படிகளுக்கு, மீண்டும் பயன்படுத்தலாமா என்பவற்றை எழுத்தில் வரைந்துகொள்ளுதல் அறிவுடைமையாகும்.

மூலத்தை மறைப்பதன் விளைவுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. அமெரிக்க வரைகலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி 2008ஆம் ஆண்டில் பராக் ஒபாமாவின் உருவத்தைச் சுவரொட்டியாக வடித்தார். அதன் மூலம், மேனி கார்சியா 2006இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக எடுத்த ஒளிப்படமாகும். நியாயமான பயன்பாடே என்று வாதிட்ட ஃபேரி, தாம் கையாண்டது வேறொரு படம் எனக் கூறிப் பொய்ச் சான்றுகளையும் புனைந்தார். உரிமை வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தது. பயன்பாடு நியாயமானதுதானா என்னும் வினாவுக்குத் தீர்ப்பே கிடைக்கவில்லை. ஆனால், சான்றைப் புனைந்த குற்றத்திற்காக 2012இல் அவருக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

எழுத்துருக்களுக்கும் இவ்விதி பொருந்தும். இலவசமாகக் கிடைப்பது அனைத்தும் எல்லாப் பணிக்கும் இலவசமன்று. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற எழுத்துருவை விற்பனை நூலில் கையாளுதல் உரிமத்தை மீறுவதாகும். 2002ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்கள் முன்கூட்டியே இசைவு தருபவை; எனினும் பெயர் கூறுக, விற்காதே, மாற்றாதே என்பன போன்ற நிபந்தனைகளும் அவற்றில் உண்டு. அவற்றைப் படித்தறிந்தே பயன்படுத்த வேண்டும். வகுப்பறையில் பாடத்தின்பொருட்டுப் படம் காட்டச் சட்டம் சில விலக்குகளை அளிக்கிறது. அவை விற்பனைக்கு அச்சிடும் மலருக்கு அப்படியே பொருந்திவிடா.

சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும் வழியும் கூறப்படல் வேண்டும் என்பது நன்னூல் கற்பிக்கும் நெறி. எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பண்பு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அதனுடன் இசைவு என்னும் ஒன்றையும் சேர்த்துக் கற்பிப்பது நம் கடமை. மாணவர் கையாளும் ஒவ்வொரு படத்திற்கும் படைத்தவர் யார், எங்கிருந்து பெற்றது, யார் இசைந்தார், எந்நிபந்தனையில் என நான்கு வரி குறித்துவைக்கப் பழக்குவோம். பிறர் உழைப்பை மதிக்கக் கற்ற மாணவனே நாளை தன் உழைப்புக்கும் மதிப்புக் கேட்கும் தகுதி பெறுவான்.