தீட்டு எந்தக் கிருமியையும் தடுத்ததில்லை

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் ஒரு வாதம் வேகமாகச் சுற்றியது. தொடாமல் இருப்பதும், தள்ளி நிற்பதும், வீட்டுக்குள் நுழையுமுன் கைகால் கழுவுவதும் நம் முன்னோர் கண்டறிந்த சுகாதாரமாம். அதைத்தான் தீண்டாமை என்று பழித்தார்களாம். ‘சமூக இடைவெளி’ என்ற சொல் வேறு அவர்களுக்கு வசதியாக வந்து வாய்த்தது. அந்த வாதம் இன்னும் சாகவில்லை. புதிதாக ஒரு காய்ச்சல் பரவும்போதெல்லாம் எழுந்து வருகிறது. இதற்குப் பதில் சொல்ல நமக்குக் கோபம் மட்டும் போதாது, வரலாறும் வேண்டும். நம் மண்ணில் வைரஸ்கள் எப்படிப் பரவின, எப்படி ஒழிந்தன என்று பார்த்தாலே போதும்.

பெரியம்மையிலிருந்து தொடங்குவோம். அது காற்றில் பறந்து ஊர் தாண்டும் நோய் அன்று. நோயாளியின் அருகே இருப்பவருக்கு, அவரது மூச்சுத் துளிகள் வழியாகப் பரவும். அவர் படுத்த பாய், போர்த்திய துணி, உதிர்ந்த பொருக்கு வழியாகவும் தொற்றும். தொற்றியவருக்குப் பெரும்பாலும் பத்திலிருந்து பதினான்கு நாட்களில் காய்ச்சல் வரும். அதன் கொடிய வகை பத்தில் மூவரைக் கொன்றது. பிழைத்தவர்களில் பலருக்கு முகம் முழுக்கத் தழும்பு, சிலருக்குப் பார்வையே போனது.

தீண்டாமை இதைத் தடுத்திருக்க முடியுமா? சேரி மக்கள் ஊரிலிருந்து தள்ளி வைக்கப்பட்டார்கள் என்பது பாதி உண்மைதான். ஊரின் வயலில் நாற்று நட்டவர்கள் யார்? செத்த மாட்டையும் பிணத்தையும் அப்புறப்படுத்தியவர்கள் யார்? பிள்ளைப்பேறு பார்த்தவர்கள், அழுக்குத் துணி வெளுத்தவர்கள் எந்தச் சாதியினர்? நோய் தொற்றக்கூடிய வேலைகளை எல்லாம் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் மட்டும் ‘எட்டிப் போ’ என்றது சாதி. இப்படிப்பட்ட இடைவெளியை எந்த வைரஸும் மதிக்காது.

நம் மக்களிடமே வேறொரு வழக்கம் இருந்தது. வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாட்கள் உள்ளே போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு எல்லாம் பழையபடி நடக்கும். காரணத்தை மாரியம்மன் மேல் ஏற்றிச் சொன்னாலும், அதில் தனிமைப்படுத்தலின் கூறு இருந்தது. தனிமைப்படுத்தல் நோயுற்றவருக்கு, சில நாட்களுக்கு. தீண்டாமையோ பிறந்தவருக்கு, சாகும்வரை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களிடம் இந்த வேறுபாட்டை நாம் சொல்லியே ஆகவேண்டும்.

1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். அந்த அம்மைப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாக பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே மூன்று வயதுக் குழந்தை அன்னா டஸ்ட்ஹாலுக்கு அது குத்தப்பட்டது. வெயிலில் அம்மைப்பால் சீக்கிரம் கெட்டுவிடும். அதைக் காக்க அன்றிருந்த நம்பகமான வழி மனித உடல்தான். ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். ஏறக்குறைய எட்டாம் நாள் எழும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் தடுப்பூசி சென்னை உட்பட நாடெங்கும் பரவியது.

கொப்புளத்திலிருந்து நீர் எடுக்கும்போது வலிக்கும், புண்ணாகும். எனவே தம் பிள்ளையை அதற்குக் கொடுக்கப் பெற்றோர் தயங்கினார்கள். பெரும்பாலும் ஏழைகள், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளே அம்மைப்பால் சுமக்கும் உடல்களாக ஆக்கப்பட்டார்கள். மேல்சாதியார் பலரோ, ‘கீழ்ச்சாதி’ உடலில் ஊறியதைத் தம் பிள்ளையின் உடலில் ஏற்றுவதா என்று மறுத்தார்கள். பிறகு கன்றின் உடலிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தபோது பசுவின் புனிதம் குறுக்கே வந்தது. தடுப்பூசிக்கு எதிர்ப்பு வர வேறு காரணங்களும் இருந்தன. காலனி அரசின் மீதான ஐயம், வலி, புண் சீழ்பிடிக்கும் அச்சம் எல்லாம் உண்டு. ஆனால் உயிரைக் காக்கும் மருந்தையே தீட்டு என்று தள்ளிய கதை சாதிக்கே உரியது. தீட்டுக் கோட்பாடு இங்கே நோயைத் தடுக்கவில்லை, நோய்த்தடுப்பைத்தான் தடுத்தது.

விடுதலைக்குப் பிறகும் பெரியம்மை உடனே போகவில்லை. 1974-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்கு அது கண்டது, 31,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை முடித்துவைத்தது எளிய ஒரு முறை. ஊழியர்கள் நோயாளியின் படத்தைக் கையில் ஏந்தி வீடு வீடாகத் தேடினார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசு தந்தார்கள். நோயாளி இருந்த வீட்டைச் சுற்றிலும் இருந்த அத்தனை பேருக்கும் ஊசி போட்டார்கள். இந்த வளையத்தில் ஊர், சேரி என்ற பிரிவுக்கு இடமில்லை. ஒரு தெருவை விட்டாலும் வைரஸ் அங்கே பிழைத்துக்கொள்ளும். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. எல்லோரையும் தேடிச் சென்றதால் கிடைத்த வெற்றி இது.

இனி தண்ணீருக்கு வருவோம். 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் இறங்கி நீர் அருந்தினார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் செய்த ‘சுத்திகரிப்பு’ என்ன தெரியுமா? மாட்டுச் சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்த குடங்களை மந்திரம் ஓதிக் குளத்தில் கொட்டினார்கள்! குடிநீரில் சாணத்தைக் கரைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்றார்கள். தீட்டுக்கும் சுகாதாரத்துக்கும் எந்த உறவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களும் இளம்பிள்ளைவாத வைரஸும் மலத்திலிருந்து தண்ணீருக்கும் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போகின்றன. 1955 இறுதியில் டில்லியில் யமுனையின் போக்கு மாறி, நகரின் சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் புகுந்தது. கூடுதல் குளோரின் போட்டதால் டைபாய்டு பெருகவில்லை, ஆனால் வைரஸ் தப்பியது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல்லாண்டு கழித்தே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழிவைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கும் நகரத்துக்கு, அந்தக் கழிவு குழாய் வழியாகவே திரும்பி வந்தது.

ஆகவே தோழர்களே, நம் பகுதிகளில் செய்ய வேண்டியவை இரண்டு வகை. தட்டம்மை, இளம்பிள்ளைவாதம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் எந்தக் குழந்தைக்கும் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், இருமும்போது வாயை மூடுவதும், டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடாமல் தேங்கிய நீரைக் கொட்டுவதும் நம் வீட்டுப் பழக்கமாகட்டும்.

மற்றொன்று கேட்டுப் பெற வேண்டியது. சோப்பு வாங்கிவிடலாம், கழுவத் தண்ணீர் வேண்டுமே! நம் குடியிருப்புக்குத் தனிக் குழாய் இணைப்பு, சாக்கடையோடு கலக்காத குடிநீர்க் குழாய், தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் காலணியும் ஹெபடைடிஸ் பி ஊசியும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டத்தின் முழுமையான அமலாக்கம் ஆகியவை சலுகைகளல்ல. இவையும் நோய்த்தடுப்பு மருந்துகளே. கிராம சபையில் மனுவாக எழுதிக் கொடுப்போம். பதில் வரும்வரை விடாமல் கேட்போம்.

ஜெய்பீம்!