சான்றாகும் சொல்: காவல்துறை ஒப்புதல் வாக்குமூலமும் நீதிமன்றத்தின் கடமையும்

குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையையும் அரசின் அதிகாரத்தையும் நீதிமன்றங்கள் எப்படிச் சீர்தூக்குகின்றன என்ற கேள்விக்கு, அடிப்படை உரிமைகள் பற்றிய பெருந்தீர்ப்புகளில் விடை தேடுவது வழக்கம். அந்த விடை பெரும்பாலும் சாட்சியச் சட்டத்தில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். விதியை மீறிப் பெற்ற சொல்லையும் பொருளையும் நீதிமன்றம் ஏற்க மறுத்தால்தான் உரிமை காவல் நிலையத்துக்குள் செல்லுபடியாகும். மறுக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த தீர்ப்பும் அறிவுரையாகவே நின்றுவிடும்.

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இத்தடை இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1855இல், வரிவசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை வழங்கிவந்ததைச் சென்னை மாகாண ஆணையம் ஒன்று பதிவு செய்திருந்தது. அடித்தார்களா, மிரட்டினார்களா என்று நிரூபிக்கும் சுமையைக் கைதியின்மேல் ஏற்றாததே இத்தடையின் வலிமை. பூட்டிய அறைக்குள் நடந்ததை அவரால் நிரூபிக்க இயலாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் தடை தொடர்கிறது.

விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றமே இதைத் தளர்த்தியது. தடா என்னும் 1987ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. கர்தார் சிங் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதைச் செல்லும் என்றது. முறைகேட்டைத் தடுக்க வழிகாட்டு நெறிகளையும் வகுத்தது. நீதிபதிகள் கே. ராமசாமியும் ஆர்.எம். சகாயும் அப்பிரிவு செல்லாது என்று மாறுபட்டனர். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. பதவி உயர உயர வற்புறுத்தல் குறையும் என்பது வெறும் நம்பிக்கை. தண்டனைக்கு அதை அடிப்படையாக்க முடியாது.

அந்த நம்பிக்கையின் விலையை ராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டியது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், தடாவின் பயங்கரவாதக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டது. 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டனர். ஆனால் தடாவின்கீழ்ப் பதிவான வாக்குமூலங்களை மட்டும் மற்றக் குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் மரண தண்டனை அப்போது உறுதியானது. குண்டுக்காகத் தாம் வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். அவர் மூத்த அதிகாரிதான்; விடுபட்ட வாக்கியத்தை அந்தப் பதவி காக்கவில்லை.

நீதிமன்றம் இதற்கு எதிர்த்திசையில் சென்றது தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புலனாய்வு அதிகாரம் பெற்றவர்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவர்களானாலும் 25ஆம் பிரிவின் நோக்கில் காவல் அதிகாரிகளே என்றும், 67ஆம் பிரிவின்கீழ் அவர்கள் பெறும் வாக்குமூலம் ஒப்புதலாகச் செல்லாது என்றும் 2020 அக்டோபர் 29இல் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. சீருடையின் நிறத்தைப் பாராமல் அதிகாரத்தின் தன்மையைப் பார்த்த தீர்ப்பு இது.

ஆயினும் பெரிய வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. கைதி சொன்னதன் வழியே பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குத் தொடர்பான சொல்லைச் சான்றாக்கலாம் என்பது பழைய 27ஆம் பிரிவு. 1947இல் வெளியான புலுகூரி கோட்டையா தீர்ப்பில் பிரிவி கவுன்சில் இதைக் குறுக்கியே பொருள் கொண்டது. கத்தியைக் காட்டுகிறேன் என்பது ஏற்கத்தக்கது. அதனால் குத்தினேன் என்பது தகாது. ஆனால் சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்ததும் பொருத்தமுடையதாயின் ஏற்கலாம் என்று பூரண் மல் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் கூறியது. செல்வி வழக்கில் (2010) கைதியின் இசைவின்றி நடத்தும் உண்மை கண்டறியும் சோதனைகளின் முடிவுகளை அது விலக்கியது. வாயிலிருந்து பலவந்தமாகப் பெற்றதற்கு ஒரு நீதி, வீட்டில் பலவந்தமாக எடுத்ததற்கு வேறொரு நீதி என்றாகிவிட்டது.

சாட்சி கிடைக்காத குற்றங்களில் அரசு கை கட்டப்பட்டு நிற்கும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் அளிக்கும் வழி எப்போதும் உண்டு. பிணையில் மிகக் கடுமை காட்டும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில்கூட, 2008இல் திருத்தியபோது, தடாவின் 15ஆம் பிரிவு போன்ற ஒன்றை நாடாளுமன்றம் சேர்க்கவில்லை.

செய்யவேண்டியது புதிதன்று. விதிமீறிப் பெற்ற சான்றை, மீறலின் கடுமையை எடைபோட்டு விலக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கும் 166அ என்ற பிரிவைச் சட்ட ஆணையம் தன் 94ஆம் அறிக்கையில் 1983இலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தப் பதிவை அரசு முன்வைக்கத் தவறினால், அக்காலத்தில் பெற்றதாகச் சொல்லப்படும் வாக்குமூலமும் அதன் வழி வந்த மீட்பும் சான்றாகாது என்ற விதி சேர்ந்தால்தான் அந்த ஆணைக்கு வலு வரும். தவறான வழியில் வந்த சான்றால் வழக்கை வெல்ல முடியாது என்று தெரிந்தால், நேர்வழியில் துப்புத் துலக்குவது அரசுக்கே தேவையாகிவிடும்.