நடப்பவரும் தேர்பவரும்: இமயப் பாதைகளில் காலணியின் வரலாறு

இமயமலையில் ஒரு நாள் நடையில் ஒருவர் கடக்கும் தரை ஒரே தன்மையது அன்று. காலையில் ஆற்றங்கரைக் கூழாங்கற்கள். முற்பகலில் தேவதாருச் சருகு படிந்த ஈரமண். உச்சிவேளையில் சரிந்து கிடக்கும் கற்குவியல். மாலைக்குள் கணவாயின் பனி. இந்நான்கிற்கும் ஒரே காலணி பொருந்த வேண்டும். 'டிரெயில் ரன்னிங் ஷூ' வாங்க இன்று கடைக்குச் செல்பவர் எதிர்கொள்ளும் கேள்வியும் ஏறத்தாழ இதுவே. கேள்வி மிகப் பழையது. மலைவாழ் மக்களும், படைகளும், சிகரம் ஏறியோரும் அதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டனர். விடை பிழைத்த இடங்களில் விரல்களும் உயிர்களும் பறிபோயின.

ஒரு மலைக் காலணியிடம் மூன்று பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன: தரையைப் பற்றும் பிடிப்பு, காலுக்குச் சுமையாகாத இலேசு, நெடுநாள் உழைக்கும் உறுதி. மூன்றையும் முழு அளவில் தரும் காலணி இதுவரை செய்யப்பட்டதில்லை. ஒவ்வொரு காலணியும் ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்ற இரண்டைப் பெற்றிருக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தவர் யார் என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

காஷ்மீர் உழவரின் விடை வைக்கோல். நெல் அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளைக் கயிறாக முறுக்கி அவர்கள் முடைந்த காலணிக்குப் 'புல்ஹோர்' என்று பெயர். முறுக்கிய கயிற்றின் மேடுபள்ளங்கள் வழுக்குப் பாறையையும் பனியையும் பற்றிக்கொள்ளும். எடையோ மிகச் சிறிது. குறை ஒன்றே: கரடுமுரடான கல்தரையில் அது விரைவில் நைந்துவிடும். ஆகவே நெடுவழி செல்வோர் மாற்று இணைகளையும் உடன் எடுத்துச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையாடு வேட்டைக்காகக் காஷ்மீர் வந்த ஆங்கிலேய அதிகாரிகள் பலரும், செங்குத்துச் சரிவுகளில் தம் தோல் பூட்ஸ்களைக் கழற்றிவிட்டு இவ்வைக்கோல் காலணிகளையே அணிந்தனர். புல்ஹோர் உறுதியை விட்டுக்கொடுத்தது. எனினும் வைக்கோல் வீட்டிலேயே கிடைத்ததாலும், முடைபவரே நடப்பவராக இருந்ததாலும் அவ்விழப்பு பெரிதாகவில்லை. குலு பள்ளத்தாக்கின் 'புலா' இதற்கு உறவுடையது. கஞ்சாச் செடியின் நாரால் அடிப்பாகமும் ஆட்டு மயிரால் மேற்பாகமும் அமைந்த அது குளிரைத் தடுத்தது. தோல் விலக்கப்பட்ட கோயில் வளாகத்திலும் அதனை அணியலாம் என்பது கூடுதல் பயன்.

பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் விடை வேறாக இருந்தது. பட்டாணியரின் 'சப்ளி' கனத்த தோலால் ஆன, குதிகாலை வாரால் இறுக்கும் திறந்த செருப்பு. பிற்காலத்தில் தேய்ந்த மோட்டார் டயரும் அதன் அடிப்பாகம் ஆயிற்று. வசீரிஸ்தான் மலைகளில் பணியாற்றிய எல்லைச் சாரணர் படையினர் பூட்ஸைத் தவிர்த்துச் சப்ளியையே அணிந்தனர். உள்ளே புகுந்த கல்லை ஓர் உதறலில் நீக்கலாம். ஓடையைக் கடந்தால் நீர் தானே வடியும். மலையினரின் காலணியை மலையினரிடமிருந்தே கற்றுக்கொண்ட அப்படை, விரைந்த நடைக்குப் பெயர்பெற்றது.

ஐரோப்பிய மலையேறிகள் கொண்டுவந்த விடை, அடியில் இரும்பாணி அறைந்த தோல் பூட்ஸ். ஆணி புல்சரிவிலும் பனியிலும் நன்கு ஊன்றியது. காலணியும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ஆயின் அது கனமானது. மேலும் இரும்பு வெப்பத்தை எளிதில் கடத்துமாதலால், பனியின் குளிர் ஆணி வழியே பாதத்தை அடைந்தது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது, ஒரு காலில் ஆணியறைந்த பூட்ஸ் அப்படியே இருந்தது.

ஆணிக்கு மாற்று ஒரு பேரிழப்பிலிருந்து பிறந்தது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸின் புன்டா ரசிகா சிகரத்தில் விதாலே பிராமானி என்னும் வழிகாட்டியின் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் உயிரிழந்தனர். பாறையேற்றத்திற்கு உகந்த மெல்லிய காலணிகளுடன் மேலே சென்ற அவர்களைப் பனிப்புயல் சூழ்ந்தது. பாறைக்கு ஏற்ற அக்காலணி பனிக்கு உதவவில்லை. இரண்டிற்கும் பொருந்தும் அடிப்பாகத்தைத் தேடிய பிராமானி, 1937இல் ஆழ்ந்த பற்களை உடைய ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். அவர் பெயரின் சுருக்கமே 'விப்ரம்'. 1954இல் கே2 சிகரத்தை முதலில் அடைந்த இத்தாலியர் அணிந்ததும் அதுவே. இன்று மலைப்பாதை ஓட்டக் காலணிகளின் அடியில் காணும் ரப்பர்ப் பற்கள் இம்மரபில் வந்தவை.

நடப்பவரே தேர்ந்தெடுப்பதன் பயனுக்கு 1953 மே 29 காலை ஒரு சான்று. எவரெஸ்டின் இறுதி முகாமில் கண்விழித்த ஹிலாரி, இரவில் தாம் கழற்றி வைத்த பூட்ஸ்கள் கல்லாக உறைந்திருக்கக் கண்டார். அடுப்பில் காட்டி அவற்றை இளக்க நெடுநேரம் ஆயிற்று. டார்ஜிலிங்கில் வாழ்ந்த தேன்சிங்கோ தம் பூட்ஸ்களைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். அவர் அணிந்திருந்தவை சுவிஸ் பூட்ஸ்கள். முந்தைய ஆண்டு சுவிஸ் குழுவினருடன் அதே மலையில் ஏறியவர் அவர்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்பது ஆண்டுகளில் நேர்ந்தது. 1962 செப்டம்பரில் வடகிழக்கு எல்லையின் தோலா காவல்நிலையம் நெருக்கடிக்கு உள்ளானதும், பிரிகேடியர் ஜான் தால்வியின் தலைமையில் 7ஆம் காலாட்படைப் பிரிகேட் நாம்கா சூ ஆற்றங்கரைக்கு விரைந்து அனுப்பப்பட்டது. படையினர் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியும் அணிந்து, ஆளுக்கொரு கம்பளியுடன் கணவாய்களைக் கடந்து நடந்தனர். அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியபோது அவர்களின் நிலை அதுவே. சிறைப்பட்டு மீண்ட தால்வி, 1969இல் வெளியான தம் நூலில் உடைக்கும் காலணிக்கும் நேர்ந்த பற்றாக்குறையைப் பதிவு செய்துள்ளார்.

கான்வாஸ் காலணி இழிந்த பொருள் அன்று என்பது இங்கு நோக்கத்தக்கது. உடற்பயிற்சித் திடலில் அது இலேசானது, மலிவானது, போதுமானது. பனியில் அது நனையும், நனைந்தது உறையும், உறைந்தது விரல்களைக் கொல்லும். ஆகவே பிழை காலணியில் இல்லை. அதை அணிவித்து அம்மலைக்கு அனுப்பிய முடிவில் இருந்தது. அம்முடிவை எடுத்தவர்கள் நாம்கா சூவின் சரிவில் நடக்க வேண்டியவர்கள் அல்லர்.

பாடம் ஓரளவு கற்கப்பட்டது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினில் 'மேக்தூத்' நடவடிக்கை தொடங்கியது. அதற்கான பனிமலை உடைகளும் காலணிகளும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேரும்வரை படை காத்திருந்தது; அவை வந்தது முந்தைய நாளில்தான்.

இன்று சிக்கமகளூரின் காப்பித் தோட்டங்களிலும் லடாக்கின் கற்பாதைகளிலும் விருப்பத்திற்காக ஓடுவோர் பெருகியுள்ளனர். அவர்கள் முன் நிற்பதும் அதே மூன்று பண்புகளின் பேரமே. மென்மையான ரப்பர் ஈரப்பாறையை நன்கு பற்றும். தார்ச்சாலையில் விரைவில் தேயும். ஆழ்ந்த பற்கள் சேற்றுக்கு உதவும்; கெட்டித் தரையில் உறுத்தும். தார், மண், பாறை மூன்றும் கலந்த வழிக்கு நடுத்தர ஆழமே ஏற்றது. நீர்புகாத உட்புறை பனிக்கு நன்று. மழைக்கால ஓடையில் மேலிருந்து புகுந்த நீர் அதனுள்ளேயே தேங்கும். வலைத்துணியோ சப்ளியைப் போல நீரை வடித்துவிடும். இறக்கத்தில் விரல்கள் முன்னோக்கி மோதுமாதலால், நுனியில் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டும். நடந்து நடந்து பாதம் வீங்குமாதலால், காலணியை மாலையில், ஓடும்போது அணியும் அதே காலுறையுடன் அணிந்து பார்ப்பது முறை.

இவற்றுள் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை விலையும் விளம்பரமும் கூற இயலாது. அதற்கு அவ்வழியில் எவ்வளவு பாறை, எவ்வளவு சேறு, எவ்வளவு தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். காஷ்மீர் உழவருக்கு அது தெரிந்திருந்தது. அவர் வைக்கோலை முறுக்கும்போதே, மறுநாள் ஏற வேண்டிய சரிவு அவர் மனத்தில் இருந்தது.