தண்ணீரை அளக்கப் பிறந்த மின்னோட்டம்

அந்த மிஷினில் ஏறுவதற்கு முன்னால் மெட்டியைக் கழற்றச் சொல்வார்கள். கொலுசையும்தான். உடம்பில் உலோகம் இருந்தால் அளவு தவறலாம் என்று கருவியோடு வரும் குறிப்பிலேயே போட்டிருக்கும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு நாலு பேர் முன்னால் மெட்டியைக் கழற்றுவது லேசான காரியமில்லை. அடுத்த சிக்கல் பாதம். நாற்று நட்டும் களை எடுத்தும் காய்த்துப்போன கால், குதிகாலில் பித்தவெடிப்பு. மிஷினின் உலோகத் தகடுகளில் அந்தக் கால் சரியாகப் படியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொல்ல வேண்டும். பிறகுதான் எண்கள் வரும்: எடை, கொழுப்பு சதவீதம், தசை, உடம்புத் தண்ணீர், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு, கடைசியாக 'பாடி ஏஜ்'. நாற்பது வயதுக்காரரைப் பார்த்து அது ஐம்பத்தைந்து என்று சொன்னால், அவர் அன்று இரவு தூங்க மாட்டார்.

ஜிம்மிலும், எடை குறைக்க மாவுக் கரைசல் விற்கும் கிளப்புகளிலும், தொழிற்சாலைகளின் மருத்துவ முகாம்களிலும் இந்த மிஷின் இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் இது கொழுப்பை அளப்பதற்காகப் பிறந்ததே இல்லை. இதன் வேலை தண்ணீரை அளப்பது. கொழுப்பு பிற்பாடு கழித்தல் கணக்கில் வந்து சேர்ந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

1910-இல் ஜெர்மனியின் ருடால்ஃப் ஹோபர் என்ற உடலியலாளர் ரத்தச் சிவப்பணுக்களின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். அதிர்வெண் குறைவாக இருந்தபோது மின்சாரம் அணுக்களுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனது. அதிர்வெண்ணை ஏற்றியதும் அணுவின் சவ்வைத் தாண்டி உள்ளேயும் பாய்ந்தது. ஒவ்வொரு அணுவும் மின்சாரம் எளிதில் கடக்காத தோல் போர்த்திய உப்புத் தண்ணீர் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. இந்தக் கருவியின் முழு அறிவும் அந்தப் பரிசோதனையில் இருந்தது என்றே சொல்வேன். அதற்கு உரிய மதிப்பு கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

1962-இல் பிரான்சின் லியோன் நகரில் தொமசே என்ற மருத்துவர் தோலுக்கடியில் இரண்டு ஊசிகளைச் செருகி, உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பை அளந்தார். உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. 1969-இல் அமெரிக்காவில் ஹோஃபரும் அவருடைய கூட்டாளிகளும் ஊசியைக் கைவிட்டார்கள். கையிலும் காலிலும் தோல்மீது மின்முனைகளை ஒட்டி அளந்தார்கள். உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதை மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் எண், உடம்பின் மொத்தத் தண்ணீரோடு 0.92 என்ற அளவுக்கு ஒத்துப்போனது. கதிரியக்க நீரைக் கொடுத்து அளந்த தண்ணீரோடு ஒப்பிட்டு வந்த முடிவு அது. அதுவரை யாரும் கொழுப்பைப் பற்றிப் பேசவில்லை.

கொழுப்பு வந்த வழி இப்படி. கொழுப்பு நீங்கலான உடம்பில், அதாவது தசை, எலும்பு, உள்ளுறுப்பு எல்லாம் சேர்ந்த பகுதியில், சுமார் 73 சதவீதம் தண்ணீர். ஆகவே தண்ணீர் தெரிந்தால் கொழுப்பில்லாத எடை தெரியும். அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிச்சம் கொழுப்பு. 1985-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலிருந்து லுகாஸ்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை நிலைநிறுத்தியது. 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 800 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஏறி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அளக்கப்பட்டவர்கள் ஆரோக்கியமான 37 ஆண்கள்.

1992-இல் ஜப்பானின் டானிடா நிறுவனம் எடை மிஷினிலேயே மின்முனைகளைப் பதித்து, நின்றபடியே அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. கட்டிலில் படுக்க வேண்டாம், ஒட்டுப்பட்டைகள் வேண்டாம். 1996-இல் தென்கொரியாவில் தொடங்கப்பட்ட, இன்று இன்பாடி என்ற பெயரில் உலகெங்கும் தெரிந்த நிறுவனம், இரு கை இரு காலுக்குமாக எட்டு மின்முனைகள் வைத்து உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளந்தது. நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவை இவற்றின் வாரிசுகளும் மலிவான நகல்களும்.

இந்தியாவுக்கு இது தேவைப்பட்டதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. எக்ஸ்ரே மூலம் கொழுப்பை அளக்கும் டெக்ஸா கருவியில் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ என்றும், அந்த மெலிந்த குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசையே, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்றும் யாஜ்னிக் முன்பே காட்டியிருந்தார். ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருகிறதே என்று நம் வீடுகளில் வியப்பார்கள். அதற்கு விடை தராசில் இல்லை, உடம்பின் கலவையில் இருக்கிறது.

உத்திரமேரூரில் இதைச் சொல்லும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கல்வெட்டு அது. குடவோலை முறைக்காக எல்லோரும் அதைக் கொண்டாடுகிறோம். அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் இருக்கிறது. பொன்னை நிறுத்தால் மட்டும் போதாது, மாற்றுப் பார்க்க வேண்டும். அதற்கு உரைகல் வேண்டும். கூடவே மாற்றுத் தெரிந்த ஆணி ஒன்றையும் அதே கல்லில் உரைத்து இரண்டு கோட்டையும் ஒப்பிட வேண்டும். ஆணி தப்பாக இருந்தால் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மிஷினும் உரைகல்தான். அதற்குள் இருக்கும் சமன்பாடு அதன் ஆணி. அந்த ஆணி யாருடைய உடம்பில் செய்யப்பட்டது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 150 செ.மீ. உயரம், 50 கிலோ எடையுள்ள ஒரு பெண். மிஷின் அளந்த மின்தடை 600 ஓம். 150-ஐ 150-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 37.5. விளங்குவதற்காக, சமன்பாடு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: இந்த எண்ணை 0.8-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டு. 35 கிலோ கொழுப்பில்லாத உடம்பு, 15 கிலோ கொழுப்பு. அதாவது 30 சதவீதம். வேறொரு நாட்டு மக்களை அளந்து செய்த சமன்பாட்டில் 5-க்குப் பதில் 3 இருந்தால், அதே பெண்ணுக்கு 34 சதவீதம். உடம்பு மாறவில்லை, மின்தடை மாறவில்லை. உள்ளே யாரோ எழுதிவைத்த ஓர் எண் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது சமன்பாட்டை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் நாளைப் பார்ப்போம். சித்திரை வெயிலில் காலை முழுக்க வேலை செய்துவிட்டு, போதுமான தண்ணீர் குடிக்காமல் மதியம் மிஷினில் ஏறுகிறார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மின்தடை கூடும். 600 என்பது 630 ஆனாலே கொழுப்பு 30-லிருந்து ஏறக்குறைய 33 சதவீதத்துக்குப் போய்விடும். தாகத்தைக் கொழுப்பு என்று மிஷின் எழுதிவிடுகிறது. வெயிலில் சூடேறிய தோல் மின்தடையைக் குறைத்து இதற்கு எதிர்ப்பக்கமாகவும் இழுக்கும். கால் வீங்கியிருந்தாலும் அப்படித்தான். நீர் கோத்த உடம்பைத் தசை பிடித்த உடம்பாக அது காட்டும். சாப்பிடும் முன், சிறுநீர் கழித்தபின், ஒரே நேரத்தில், ஒரே மிஷினில் அளந்தால் மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஓரளவு நம்பலாம். ஒருநாள் ஏறி வாங்கிய ஒற்றை எண்ணை வைத்து ஒருவரைப் பயமுறுத்திப் பொருள் விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாதக்கூலியில் கணிசமான பங்கு அந்த மாவு டப்பாவுக்குப் போய்விடுகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்காமலே ஏற்றுவது இன்னும் மோசம். அவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

சமன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கை புதிதும் இல்லை. 1994 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டிலேயே, உடம்புத் தண்ணீரை இது நன்றாகவே கணிக்கிறது, ஆனால் ஒரு மக்கள்கூட்டத்துக்கான சமன்பாட்டை இன்னொன்றுக்கு அப்படியே போடக்கூடாது என்று பேசி முடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் ஆணியைச் சரிபார்த்தவர்கள் இல்லாமலில்லை. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ரெபேக்கா குரியன், அனுரா குர்பாத் குழு, எளிய அளவைமுறைகள் இந்தியப் பெரியவர்களுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று சோதித்தது. 2004-இல் சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு, தோல் மடிப்பைப் பிடித்து அளப்பதையும் இருவகை மின்தடைக் கருவிகளையும் டெக்ஸாவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தக் குழுவின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2006 முதல் அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டைச் சுற்றி 42 கிராமங்களில் வேனில் போய்ச் சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்தது. இஸ்ரோ செயற்கைக்கோள் தொடர்பு தந்தது. 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை அந்த வேன் எட்டியது. சூணாம்பேடு 2019-க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் மண்ணும் வெயிலும் கூலிவேலையும் உத்திரமேரூரில் இருப்பவைதான். அவ்வளவு பேரை வீட்டு வாசலில் பார்க்க முடிந்த மாவட்டத்தில், சில நூறு விவசாயக் கூலிகளை டெக்ஸாவிலும் மின்தடைக் கருவியிலும் சேர்த்து அளந்து இந்தப் பகுதிக்கென்று ஒரு சமன்பாடு எழுதுவது முடியாத காரியமில்லை.

அதுவரை? 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கிறது. யாரைச் சோதிக்க வேண்டும் என்று அறிய, துணைச் சுகாதார நிலையத்து நர்ஸிடம் இருக்கும் இஞ்ச் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வேண்டும். 2022-இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் வைத்தவையும் இப்படிப்பட்ட எளிய அளவுகளே: உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற கேள்வி. அது மிகச் சரியான தேர்வு. உயிர் போகும் ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்கக் கொழுப்பு சதவீதம் தேவைப்படவில்லை.

மின்தடைக் கருவிக்கு நியாயமான இடம் வேறொன்று இருக்கிறது. அங்கே அது தன் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்த டயாலிசிஸுக்கும் நடுவே உடம்பில் இரண்டு மூன்று கிலோ தண்ணீர் சேர்ந்துவிடலாம். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைக் கால் வீக்கத்தையும் பிரஷரையும் பார்த்துத்தான் பல இடங்களில் முடிவு செய்கிறார்கள். கூட எடுத்தால் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், தலை சுற்றும். குறைத்து எடுத்தால் இரவில் மூச்சு முட்டும். 5 முதல் 1000 கிலோஹெர்ட்ஸ் வரை ஐம்பது அதிர்வெண்களில் அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. குறைந்த அதிர்வெண் அணுக்களுக்கு வெளியே உள்ள தண்ணீரைச் சொல்லும், உயர்ந்த அதிர்வெண் உள்ளே உள்ளதையும் சேர்த்துச் சொல்லும். ஹோபர் சிவப்பணுவில் பார்த்தது இதைத்தான். இரண்டின் வித்தியாசத்திலிருந்து மிகையாகத் தேங்கிய நீர் எத்தனை லிட்டர் என்று தெரிகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளை அரசு வீடு தேடிக் கொடுக்கிறது. மற்றவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பஸ் ஏறிப் போய் வருகிறார்கள். உத்திரமேரூர் வட்டத்துக்காக அரசு இப்படியொரு கருவி வாங்குமானால், இவர்கள் போய்ப் படுக்கும் கட்டிலுக்கு அருகில் வாங்கி வைக்கட்டும். டயாலிசிஸ் தொடங்கும் முன், நோயாளியைப் படுக்க வைத்து, டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தநாள இணைப்பான ஃபிஸ்டுலா இல்லாத பக்கத்துக் கையிலும் காலிலும் நான்கு ஒட்டுமுனைகளை ஒட்டினால் சில நிமிடங்களில் அளவு கிடைத்துவிடும்.