ஃபோன் காற்று ஆய்வு வரலாறு

ஃபோன் என்பது மலைத்தொடரைக் கடந்து மறுபக்கச் சரிவில் இறங்கி வீசும் வெப்பமான, வறண்ட காற்று ஆகும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வழங்கிய இப்பெயர், பின்னர் இவ்வகைக் காற்றுகள் அனைத்திற்கும் பொதுப்பெயரானது. பனி மூடிய சிகரங்களிலிருந்து இறங்கும் காற்று சுடுவது ஏன் என்ற கேள்வி, மலைக்கும் வளிமண்டலத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியலாளர் அறிந்துகொள்ளக் காரணமாக அமைந்தது.

பாதிப்புகள்

ஃபோன் சில மணி நேரத்தில் பனியை உருக்கும். மர வீடுகளை உலரச் செய்யும். 1861 மே 10ஆம் நாள் இரவு சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் நகரில் பற்றிய தீயை இக்காற்று பரப்பியதால், ஏறத்தாழ 600 கட்டடங்கள் அழிந்தன. ஃபோன் வீசும் நாட்களில் ஊர்க்காவலர் வீடுகளின் அடுப்புகளைக் கண்காணிக்கும் வழக்கம் சுவிஸ் பள்ளத்தாக்குகளில் இருந்தது.

சகாராக் கருத்து

தெற்கிலிருந்து வரும் இவ்வெப்பம் சகாரா பாலைவனத்திலிருந்தே வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பலர் நம்பினர். சுவிஸ் நிலவியலாளர் எஷர் ஃபொன் டெர் லிந்த் இக்கருத்தைப் பனியூழிக் காலத்துடன் இணைத்தார். முற்காலத்தில் சகாரா கடலாக இருந்ததால் வெப்பக்காற்று வீசவில்லை என்றும், அதனால் ஆல்ப்ஸ் பனியாறுகள் பெருகின என்றும் அவர் கருதினார். ஜெர்மானிய வானிலையியலாளர் டோவ இதை மறுத்து, அக்காற்று அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வருவதாக வாதிட்டார். இரு தரப்பும் வெப்பத்தின் பிறப்பிடத்தைத் தொலைவிலேயே தேடின.

ஹானின் விளக்கம்

ஆஸ்திரிய வானிலையியலாளர் யூலியஸ் ஹான் (1839–1921) 1866இல் வேறு விடை தந்தார். கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் இத்தகைய வெப்பக்காற்று வீசுவதை அவர் எடுத்துக்காட்டினார். அங்கே காற்று வருவது பனிப்பாளத்தின் மீதிருந்து. அருகில் பாலைவனம் எதுவும் இல்லை. எனவே வெப்பம் மலையிலிருந்து இறங்கும்போதே உண்டாகிறது என்பது அவர் முடிவு.

இறங்கும் காற்று அழுத்தம் மிகுந்த பகுதிக்குள் வருவதால் அமுக்கப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு சூடாகிறது. ஏறும்போது மேகம் உருவாகி மழை பெய்தால், நீராவி வெளியிடும் உள்ளுறை வெப்பத்தால் காற்று மெதுவாகவே குளிர்கிறது. எடுத்துக்காட்டாக, ஈரம் நிறைந்த காற்று 2 கி.மீ. ஏறும்போது கிலோமீட்டருக்கு 6 பாகை வீதம் 12 பாகை குளிர்ந்து, மறுபக்கம் அதே அளவு இறங்கும்போது 20 பாகை சூடானால், அது முன்பிருந்ததைவிட 8 பாகை கூடுதல் வெப்பத்துடன் தரையை அடையும்.

பிற்கால ஆய்வுகள்

மழை பெய்தால்தான் ஃபோன் உண்டாகும் என்று பாடநூல்கள் பல எழுதின. ஆனால் மறுபக்கத்தில் மழையே இல்லாத நாட்களிலும் ஃபோன் வீசுகிறது. அப்போது தாழ்மட்டக் குளிர்காற்று மலைக்கு அப்பால் தடுக்கப்பட்டு நிற்க, சிகர உயரத்தில் இருந்த காற்றே கீழிறங்குகிறது. மழையை இன்றியமையாததாகக் காட்டும் விளக்கத்தை ஹானின் பெயரில் வழங்குவது முழுமையாகப் பொருந்தாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைன்ரிக் ஃபொன் ஃபிக்கர் இன்ஸ்புரூக் பகுதியில் மலை நிலையங்களையும் பலூன்களையும் கொண்டு ஆய்வு செய்தார். பள்ளத்தாக்கில் தேங்கிய குளிர்காற்றை ஃபோன் மேலிருந்து படிப்படியாக அகற்றுவதை அவர் பதிவு செய்தார். 1999இல் நடந்த மீசோ அளவு ஆல்ப்ஸ் திட்டத்தில் விமானங்களும் ரேடார்களும் இக்காற்றை முப்பரிமாணத்தில் அளந்தன.

பிற இடங்களில்

வட அமெரிக்காவின் ராக்கி மலைச் சரிவில் இது சினூக் எனப்படுகிறது. 1943 சனவரி 22 அன்று அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை -20 பாகையிலிருந்து 7 பாகைக்கு உயர்ந்தது. இலங்கையில் தென்மேற்குப் பருவகாலத்தில், ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் இழந்து மட்டக்களப்புப் பக்கம் வெப்பமாக வீசும் கச்சான் காற்றும் இவ்வகையைச் சேர்ந்ததே.