கடலூர்க் கூடாரத்துச் சார்ஜண்ட்: ஹனோவர் காலாட்படை பற்றிய ஒரு மறுவாசிப்பு

1783 ஜூன் மாதம் ஆங்கிலேயர் நடத்திய கடலூர் முற்றுகையைப் பற்றிய எழுத்துகளில் ஹனோவர் காலாட்படை பெரும்பாலும் ஒரு கதைக்காகத்தான் தலைகாட்டுகிறது. 1810 முதல் 1817 வரை வெளிவந்த தம் தென்னிந்திய வரலாற்றில் மார்க் வில்க்ஸ் சொல்லும் கதை அது. ஜூன் 25 அன்று அரணைவிட்டு வெளியே பாய்ந்த பிரெஞ்சுப் படை முறியடிக்கப்படுகிறது. பிடிபட்டவர்களில் காயம்பட்ட இளம் சார்ஜண்ட் ஒருவன் இருக்கிறான். ஹனோவர் படையின் கர்னல் வாங்கன்ஹைம் அவனைத் தம் கூடாரத்துக்கே கொண்டுபோய்க் குணமாகும்வரை பேணுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் ஹனோவரைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி ஆண்டபோது, அங்கே அதிகாரத்தில் இருந்த மார்ஷல் பெர்னதோத், முதியவரான வாங்கன்ஹைமிடம் அந்தச் சார்ஜண்ட் தாமே என்று சொல்லி நன்றி பாராட்டுகிறார். பின்னாளில் சுவீடனின் அரசரானவர் இதே பெர்னதோத்.

ஆய்வுலகம் இக்கதையை இரண்டே விதமாகக் கையாண்டிருக்கிறது. ஒரு சாரார் அப்படியே நம்பினர். மறு சாரார் பெர்னதோத்தின் பணி விவரங்களைக் காட்டித் தள்ளினர். அவர் 1780 செப்டம்பரில் சேர்ந்தது ராயல் லா மரீன் ரெஜிமென்ட்டில். தொடக்கத்தில் பணியாற்றியது கோர்சிகாவில். சார்ஜண்ட் ஆனதோ 1785இல்தான். எனவே 1783இல் கடலூரில் காயம்பட்ட சார்ஜண்டாக அவர் இருந்திருக்க முடியாது. இந்த மறுப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பெர்னதோத் வரவில்லை என்பதிலிருந்து அப்படியொரு சார்ஜண்டே இல்லை என்ற முடிவுக்குத் தாவுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

கதையிலிருந்து அரசரை நீக்கிவிட்டுப் பார்ப்போம். ஒரு ஜெர்மானியக் கர்னல், எதிரிப் படையின் சாதாரணச் சார்ஜண்ட், கர்னலின் சொந்தக் கூடாரம் ஆகிய மூன்றும் மிஞ்சுகின்றன. காயம்பட்டோர் அத்தனை பேர் கிடக்க, கர்னலின் கண் இவன்மேல் விழுந்தது ஏன்? அவனுடைய தோற்றமும் நடத்தையும் கவர்ந்தன என்கிறார் வில்க்ஸ். அது போதுமான காரணமாகப் படவில்லை. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் கீழ்க் கடலூரைக் காத்த படைகளில் லா மார்க் ரெஜிமென்ட்டும் ஒன்று. பிரெஞ்சு மன்னரிடம் சம்பளம் வாங்கினாலும் அது ஜெர்மானிய வீரர்களைக் கொண்ட படை. இங்கிலாந்து மன்னரான மூன்றாம் ஜார்ஜே ஹனோவரின் ஆட்சியாளர் என்பதால் வாங்கன்ஹைமின் ஆட்கள் இங்கே வந்தனர். பிரெஞ்சுச் சம்பளத்துக்காக லா மார்க்கின் ஆட்கள் வந்தனர். கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில், இரு தரப்பிலும் ஒரே மொழி பேசியவர்கள் நின்றனர். அந்தச் சார்ஜண்ட் லா மார்க் படையைச் சேர்ந்தவன் என்பதே என் கருதுகோள். வலியில் முனகியவன் கர்னலின் தாய்மொழியில் முனகியிருந்தால், கூடாரம் திறந்ததில் வியப்பில்லை.

இவ்வாறு கொண்டால் கதை திரிந்த வழியும் ஓரளவு புலப்படும். பெர்னதோத் ஹனோவரின் ஆளுநராக இருந்தது 1804–1805இல். முற்றுகை முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வாய்மொழியாக உலவிய கதையில் ‘லா மார்க்’ என்பது ‘லா மரீன்’ ஆக அதிக உழைப்பு வேண்டியதில்லை. பெர்னதோத்தின் பழைய ரெஜிமென்ட்டின் பெயர் அப்படி நெருங்கி நின்றது, பெயரில்லாத ஒருவனுக்கு மகுடம் சூட்டப் போதுமானது. இதை மெய்ப்பிக்கும் ஆவணம் என் கையில் இல்லை. ஆயினும் இதைவிடப் பொருந்தும் விளக்கத்தை இதுவரை கண்டதில்லை.

ஜூன் 25 தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அக்கித்தேன் ரெஜிமென்ட்டின் அதிகாரி என்பதால் லா மார்க் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஆளையே மாற்றிக்கொண்ட கதை நாளை மாற்றியிராது என்று யார் சொன்னது? ஜூன் 13ஆம் நாள் கடும்போரிலும் காயம்பட்டோர் குறைவில்லை. ஹனோவர் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சும் தெரியுமே என்பது பெரிய தடையன்று. கற்ற மொழி வேறு, தாலாட்டுக் கேட்ட மொழி வேறு.

வில்க்ஸின் நாளையே ஏற்றாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. அன்றைய தாக்குதலைத் துப்பாக்கி ஈட்டியால் எதிர்கொண்டு முறியடித்தவர்களில் ஆங்கிலேயப் படையின் வங்காளச் சிப்பாய்கள் முன்னணியில் இருந்தனர். அப்படியானால் சார்ஜண்ட் கர்னலின் கைக்கு வருமுன் ஒரு சிப்பாயின் கையில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கதையைத் திரும்பச் சொன்னவர்கள் அந்தக் கையைக் காட்டுவதில்லை.

கடலூருக்கு மேற்கே நிற்கும் தியாகதுருகக் கோட்டையை இக்கதையோடு ஒப்பிடலாம். 1781இல் அக்கோட்டை ஹைதர் தரப்பிடம் வீழ்ந்தது. 1790இல் திப்புவின் தாக்குதலை ஆங்கிலேயக் கேப்டன் ஃபிளின்ட் தடுத்தார். இன்று சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையில் போகிறவர்கள் அந்தப் பாறைக்குன்றைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கியவர் யார், கூடாரம் தந்தவர் யார் என்று எந்தக் கதையும் பரவவில்லை. அங்கே அடிபட்ட எவரையும் பின்னாளில் அரசராகச் சொல்ல வழியில்லை. கடலூர்க் கதையை நாம் அறிவது பெர்னதோத்தின் பெயரால். அந்தப் பெயர் பொய் என்று ஆனபிறகு அதன் கீழே ஒரு லா மார்க் சார்ஜண்டும் ஒரு சிப்பாயும் தெரிகிறார்கள் என்றால், கதையைக் குப்பையில் போடாமல் மீண்டும் படிப்பதே நம் வேலை.