பிரேசர் மலைச் சாலை: ஒரு பகற்பயணம் உரைக்கும் வரலாறு

மலைவழிச் சாலையில் ஒரு பகற்பொழுது செல்வது கண்ணுக்கு விருந்து என்பர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கோ அது கருத்துக்கும் விருந்தாகும். அண்மையில் பள்ளி விடுமுறையின்போது, பயிற்சி பெறும் இளம் ஆசிரியர் மூவரை உடனழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்சிலிருந்து பிரேசர் மலைக்குச் சென்று மாலையில் திரும்பினேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவ்வழியில் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் ஆசிரிய அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

விடியலில் புறப்பட்டு ரவாங், செரண்டா கடந்து பத்தாங் காலியை அடைந்தோம். இருபுறமும் பால்மரமும் செம்பனையும் பசுமை காட்டும் அமைதியான ஊர்ப்புறம். ஆனால் அவசரகாலம் தொடங்கிய ஆண்டில், 1948 டிசம்பர் 12 அன்று, இவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் படைக்கலம் ஏந்தாத 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அழகிய இடமெல்லாம் இனிய வரலாறு உடையதன்று என்பதே அன்று நாங்கள் கற்ற முதற்பாடம்.

அடுத்து வந்தது கோல குபு பாரு. அதன் அருகே 'அம்பாங் பெச்சா' என்றோர் இடம் உண்டு. மலாய் மொழியில் 'அம்பாங்' என்பது அணை. 'பெச்சா' என்பது உடைந்தது. பெயரே வரலாறு சொல்கிறது. 1883 அக்டோபர் 29 அன்று ஆற்றின் குறுக்கே இருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. மாண்டோருள் மாவட்ட அதிகாரி ரேங்கிங் என்பவரும் ஒருவர். அவர் ஆற்றின் காவலாகிய வெள்ளை முதலையைச் சுட்டதனால் வந்த கேடு அது என்று ஊரார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், பின்னாளில் மேலே தோண்டிய ஈய லம்பங்களின் மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் மீண்டும் மீண்டும் புகுந்தது. ஆதலால் பழைய ஊரைக் கைவிட்டு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டு நிலத்தில் புதிய நகர் அமைத்தனர். 'பாரு' என்றால் புதியது என்பது நாம் அறிந்ததே. இன்று அதே சிலாங்கூர் ஆற்றில், ஊருக்கு மேலே, பேரணை ஒன்று நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் குழாய் திறந்து குடிக்கும் நீரில் அவ்வாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அணையின் நீர்ப்பரப்பைச் சுற்றிச் சாலை மலையேறுகிறது. மூங்கிற் புதர்களும் பெரணிகளும் வளைவுதோறும் வண்டியை உரசுவன போல் சாய்ந்து நிற்கின்றன. பகாங்கில் பிரிட்டிஷ் ஆட்சி 1888-இல் நிலைபெற்றபின், ரவுப், கோல லிப்பிஸ் ஆகிய ஊர்களைச் சிலாங்கூரோடு இணைப்பதற்கு இம்மலைத்தொடரைக் கடக்கும் சாலை இன்றியமையாததாயிற்று. அவ்வழியின் உச்சிக் கணவாயே 'கேப்' எனப்படுவது.

பிரேசர் என்பவர் யார்? லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். மலைமேல் ஈயம் எடுத்து, கோவேறு கழுதைகளில் ஏற்றி இறக்கினார் என்பர். பிறகு எங்கே போனார் என்பதே தெரியவில்லை. 1917-இல் சிங்கப்பூர்ப் பேராயர் அவரைத் தேடி மலையேறினார். ஆளைக் காணவில்லை, குளிர்ந்த மலையைக் கண்டார். உதகையும் நுவரெலியாவும் போல் இதுவும் வெள்ளையர் ஓய்விடமாகத் தகும் என்று பரிந்துரைத்தார். 1919-இல் வேலை தொடங்கி, 1922-இல் மலை திறக்கப்பெற்றது. கேப்பிலிருந்து மேலேறும் பழைய பாதை மிகக் குறுகியது. ஒரு மணி நேரம் ஏறுவதற்கும் மறு மணி நேரம் இறங்குவதற்குமாக வாயில் வைத்து வண்டிகளை விட்ட காலம் உண்டு.

கேப்பை நெருங்கும் வளைவொன்றில்தான் 1951 அக்டோபர் 6 அன்று, பிரேசர் மலைக்கு ஓய்வெடுக்கச் சென்ற உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதலில் உயிரிழந்தார். உடன்வந்த மனைவியார் பிழைத்தார்.

மலைமேல் மணிக்கூண்டின் அருகே தேநீர் அருந்தும்போது, இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "ஐயா, காணாமற்போனவர் பெயர் மலைக்கு நிலைத்தது. மாண்ட அதிகாரிகளின் பெயர் ஏட்டில் நிலைத்தது. இச்சாலையை வெட்டியவர் பெயர் எங்கே?"

உடனே விடை சொல்ல இயலவில்லை. மலையகத்தின் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் கல் உடைத்தவருள் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர் என்பது வரலாறு அறிந்த செய்தி. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பின்னும், கங்காணி வழியாகவும் 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் துணையாலும் அவர்கள் கப்பலேறி வந்தனர். மராமத்து இலாகாவின் கூலிப்பதிவில் அவர்கள் நாட்சம்பளக் கணக்காகவே நின்றனர்.

என் பாட்டனாரும் சாலைக் கூலிதான். அவருடைய கல்லுடைக்கும் சம்மட்டி எங்கள் லயத்து வீட்டின் கதவுக்குப் பின்னால் நெடுநாள் கிடந்தது. அதை எடுத்து விளையாடியிருக்கிறேன். "தாத்தா, எந்தச் சாலையில் உடைத்தீர்கள்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்க அவர் இல்லை. வரலாறு கற்பிப்பவனாகிய நான் என் வீட்டு வரலாற்றைத் தவறவிட்டேன் என்பதை அம்மலைமேல் உணர்ந்தேன்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, முதியோர் நகர்ப்புற அடுக்குமாடிகளில் சிதறி வாழ்கின்றனர். வரும் விடுமுறைக்கு மாணவர்க்கு வேறு வீட்டுப்பாடம் வேண்டா. வீட்டில் மிக மூத்தவரிடம், அவரும் அவர்தம் பெற்றோரும் எங்கே, என்ன வேலை செய்தனர் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். அந்த ஏடுகளைப் பள்ளியில் கட்டி வையுங்கள்.

மாலை மலையிறங்கும்போது மஞ்சு சாலையை மூடிற்று. மூவரும் பேசாமல் வந்தனர். பிரிக்பீல்ட்சில் இறங்கியதும், கேள்வி கேட்ட அந்த ஆசிரியை, கிள்ளானில் இருக்கும் தம் பாட்டியாரைப் பார்க்க அன்றிரவே செல்வதாகக் கூறி விடைபெற்றார்.